பதினொரு முறை

மூன்று நாள் வெளியே சுற்றிவிட்டு வந்தாள் மரிசெல்,
மைனஸ் முப்பத்தொன்றில்,
வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டும் பெண்களின்
காரில், பின்சீட்டில் உட்கார்ந்து.
வந்ததும் என் மேசைமேல் ஒரு கையுறையைப் போட்டாள்.
"இதை மாட்டிக்கொண்டு உன் பொத்தானை அழுத்து."
அழுத்தினேன்.
பக்கத்துப் பொத்தான் திறந்தது.

வின்னிபெக். போர்ட்டேஜ் அவென்யூ. ஒன்பதாவது மாடி.
அந்த மூன்று நாளும் நான்
நாற்காலியை விட்டு எழவில்லை.
என் வேலை வேறு.
வலைத்தொடர்பு அறுந்தால்,
ஒரே வீட்டை இருவர் ஒரே கணத்தில் திறந்தால்,
மார்ச் மாதம் கடிகாரம் ஒரு மணி நேரம் தாவினால்,
என் மொழி முழுக்க 'ஆல்'.
அவளுடையது 'ஆ'.
பார்ப்பாளா? புரியுமா? பயந்துவிடுவாளா?
நடுவே ஓர் 'ல்'தான் குறுக்கே நிற்கிறது என்பேன்.
அவளுக்குத் தமிழ் தெரியாது.
தகாலோகில் ஏதோ சொல்லிச் சிரிப்பாள்.
வசவாகவும் இருக்கலாம்.

நான்கு நொடிக்காக ஒரு மாதம் சண்டை.
சர்வர் பதில் சொல்ல நான்கு நொடி,
அதற்குக் கீழே இறங்காது என்று
கணக்குப் போட்டுக் காட்டினேன்.
"இறக்க வேண்டாம்.
அந்த நான்கு நொடியும் அவள் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்?"
ஒன்றுமில்லை.
"அந்த ஒன்றுமில்லையைத்தான் நான் வரையப்போகிறேன்."
கிறுக்கு என்று நினைத்தேன்.
பிறகு மூன்று வாரம்
அவள் வரைந்த ஒன்றுமில்லைக்கு
நிரல் எழுதிக்கொண்டிருந்தேன்.

'பிழை' என்ற சொல்லை எல்லாத் திரையிலிருந்தும் எடுக்கச் சொன்னாள்.
பிழை பிழைதானே என்றேன்.
"யாருடையது?"

ஜனவரியில் ஒரு திங்கள்.
பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.
பணியாளர் 218. டிரான்ஸ்கோனா. காலை 6:52.
'வருகை முடிந்தது' அழுத்தி, பின்வாங்கி.
'வீட்டில் இல்லை' அழுத்தி, பின்வாங்கி.
மறுபடி முதலாவது.
பதினொரு முறை.
நாற்பத்து மூன்று நிமிடம் திரை அணையவில்லை.
இடையே நான் எழுதிய மணி
ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம்,
துளி பிசகாமல்:
அடுத்த வீட்டுக்குத் தாமதம்.
அடுத்த வீட்டுக்குத் தாமதம்.

நிரலில்தான் கோளாறு என்று அவளிடம் எடுத்துப் போனேன்.
எண்ணைப் பார்த்தாள்.
"218 அல்மாஸ்.
எரித்ரியாக்காரி. காரில் எனக்கு
இஞ்சி தட்டிப் போட்ட காபி கொடுத்தாள்."
பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
"அவர் வீட்டில்தான் இருந்திருக்கிறார்,
இல்லையா?"

அவள் கூடப்போன மூன்று நாளில் யாரும் இறக்கவில்லை.
என் ஆல்களில் அந்த ஆல் இல்லை.

மூன்றாவது பொத்தானுக்குச் சொல் தேடித்
தாள் தாளாகக் கிழித்தாள்.
மறைவு. முடிவு. அவசரம்.
அழிக்க அழிக்கக் கடைசியில் மிஞ்சியது
'யாரையாவது கூப்பிடு'.
என் பங்கு இரண்டு வரி.
அதைத் தொட்டால்
அன்று முழுக்க மணி அடிக்காது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பொத்தானைப் பெரிதாக்கிக் காட்டினார்கள்.
நிறம் நன்றாயிருக்கிறது என்றார் ஒருவர்.
அடிக்காத மணியை எங்கே காட்டுவது?

எல்லோரும் போன பிறகு கேட்டாள்:
"உன்னுடையதைச் சோதித்தாயா?"
கையுறையை மாட்டிக்கொண்டு அழுத்தினேன்.
போனை நடுவில் வைத்துவிட்டு
எதிரெதிரே உட்கார்ந்தோம்.
கீழே பனி வாரும் வண்டி ஒன்று
தெருவைச் சுரண்டிக்கொண்டு போனது.
ஐந்து நிமிடம்.
அவள் போனைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.
இன்னோர் ஐந்து.